தவளைக் குரலும் நாட்குறிப்பும்

மாலையில் தொடங்கிய மழை ஓய்ந்து, தோட்டப்புறத்து வடிகாலிலும் சாலையோரப் பள்ளத்திலும் நீர் தேங்கி நிற்கும் இரவுகளில், உறங்கச் செல்வோரின் செவியில் முதலில் விழுவது தவளைகளின் பேரொலியே ஆகும். ஒன்று தொடங்க, மற்றொன்று எதிர்மொழிய, சிறிது நேரத்தில் பள்ளம் முழுவதும் ஒரே ஆரவாரமாகிவிடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர்க்கு இது புதிதன்று. மழை வந்ததால் தவளை கத்துகிறதா, தவளை கத்தியதால் மழை வந்ததா என்று வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டால், உடன் பயில்வோர் நகைப்பர். ஆனால் அஃது நகைப்புக்குரிய வினா அன்று. மனித இனம் அதற்கு விடை காண இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. விடையை நெருங்கியவர்களுள் பலர் பெருங்கருவிகள் உடையோரும் அல்லர். கூர்ந்த செவியும் ஒரு குறிப்பேடும் உடையோரே.

தவளையின் குரலை மழையோடு சேர்த்துப் பாடிய மிகப் பழைய பாடல்களுள் ஒன்று ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் 103ஆம் பாடலாக அமைந்துள்ளது. கோடை முழுவதும் உலர்ந்த தோல் போலக் கிடந்த தவளைகள், மழை பெய்தவுடன் எழுந்து ஒலிப்பதை அது கூறுகிறது. ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்வது போல, ஒரு தவளையின் ஒலியை மற்றொரு தவளை திருப்பி ஒலிக்கிறது என்பது அப்பாடலில் வரும் உவமை. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அதனைப் படித்து முறுவலிக்காமல் இருத்தல் அரிது. மாக்ஸ் முல்லர் அப்பாடலை வேதம் ஓதுவாரை எள்ளிப் பாடியதாகக் கருதினார். புளூம்ஃபீல்டு என்னும் அறிஞரோ, அது மழை வேண்டிப் பாடிய மந்திரமே என்று கொண்டார். பாடலின் இறுதியில் தவளைகளிடம் செல்வமும் நீண்ட வாழ்நாளும் வேண்டப்படுவதை நோக்கின், பின்னவர் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. அங்கே தவளை மழையை அறிவிப்பது மட்டுமன்று. மழையின் வளத்தைத் தருவதும் அதுவே.

இந்நம்பிக்கை ஒரு நாட்டோடு நின்றதன்று. வியட்நாமில் தேரையை வானக் கடவுளின் மாமன் என்பர்; வறட்சி வந்தபோது தேரை வானுலகம் சென்று வழக்காடி மழை பெற்று வந்ததாக அங்கே கதையுண்டு. அசாம் மாநிலத்துச் சிற்றூர்களில் மழை பொய்த்தால் இரு தவளைகளைப் பிடித்து மணம் செய்து வைக்கும் வழக்கம் உண்டு. தென்கிழக்காசியாவின் தொங்சோன் வெண்கல முரசுகளுள் பலவற்றின் வட்ட முகத்தில், விளிம்பை ஒட்டித் தவளை உருவங்கள் அமர்ந்திருக்கக் காணலாம். அம்முரசுகள் மழை வேண்டும் சடங்குகளில் முழங்கியவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தொங்சோன் மரபைச் சேர்ந்த முரசுகள் நம் நாட்டு மண்ணிலும் கிடைத்துள்ளன. சிலாங்கூரின் சுங்கை லாங் சிற்றூரில் 1964ஆம் ஆண்டில் இரண்டு அகழ்ந்தெடுக்கப்பட்டன.

தமிழ் உழவனின் நோக்கு இதனினும் சற்று வேறுபட்டது. முக்கூடற்பள்ளு படித்தோர் அதில் வரும் மழைக்குறிகளை மறந்திருக்க மாட்டார்கள். மின்னல் எத்திசையில் மின்னுகிறது, கிணற்றுத் தவளை எவ்வாறு கூப்பிடுகிறது, நண்டு தன் வளையை எவ்வாறு அடைக்கிறது என்றெல்லாம் அங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன. தவளையிடம் அவன் எதையும் வேண்டவில்லை. அதன் குரலைக் கேட்டு, நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்று கணிக்கிறான். மழையைத் தரும் தெய்வம் ஒரு குறியாக மாறிவிட்டது. இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும், வேண்டுதலிலிருந்து கூர்நோக்கத்துக்குச் செல்லும் வழி இதுவே எனலாம்.

கிரேக்க நாட்டில் இவ்விரு நோக்கும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில், நீரில் ஒலிக்கும் அக்குரல் ஆண் தவளையினுடையது என்றும், இனச்சேர்க்கைக் காலத்தில் பெண்ணை அழைக்கவே அது எழுப்பப்படுகிறது என்றும் தெளிவாகக் கூறிவிட்டார். ஏரிக்கரையில் நின்று பார்த்த ஒருவரே அவ்வாறு எழுத முடியும். ஆனால் அடுத்த நூற்றாண்டில் வானிலைக் குறிகளைப் பாட்டாக இயற்றிய அராட்டசு, தவளைக் கூச்சலை மழையின் முன்னறிவிப்பாக வைத்தார். உரோமக் கவிஞர் வர்ஜிலும் உழவைப் பற்றிய தம் நூலில் அவ்வழியே சென்றார். மக்கள் மனத்தில் நின்றது கவிஞர் சொல்லே. அரிஸ்டாட்டில் கண்ட உண்மை ஏட்டில் உறங்கியது. உரோமப் பேச்சாளர் சிசரோ கி.மு. 44ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் ஓர் உரையாடல் வருகிறது. தவளைக்கு வருவதை அறியும் ஆற்றல் உண்டென்று யார் எண்ணுவர் என்று அதில் ஒருவர் வினவுகிறார். ஆயினும் அதன் இயல்பில் ஏதோ ஒன்று மழையைக் காட்டத்தான் செய்கிறது என்றும் அவரே ஒப்புகிறார். ஐயம் எழுந்துவிட்டது, விடைதான் கிட்டவில்லை.

விடை கிட்டாத இடத்தில் வேடிக்கை புகுந்துகொள்ளும். ஜெர்மானியர் பச்சை மரத்தவளையைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, உள்ளே ஒரு சிறு ஏணியையும் வைத்தனர். தவளை ஏணியில் ஏறினால் நல்ல வெயில், இறங்கினால் மழை என்பது கணக்கு. வெளியில் வாழும் மரத்தவளை வெப்பமான நாளில் மேலே ஏறுவது உண்மையே. அது தேடும் பூச்சிகள் அப்போது உயரத்தில் பறப்பதே அதற்குக் காரணம். குடுவைக்குள் பூச்சியும் இல்லை, உயரமும் இல்லை. ஆகவே அங்கே கணிப்பும் இல்லை. ஆயினும் வானிலை அறிவிப்பாளரை 'வானிலைத் தவளை' என்று கேலியாக அழைக்கும் வழக்கம் ஜெர்மன் மொழியில் இன்றும் உண்டு.

இத்தகைய கணிப்புகளை ஒருபுறம் வைத்துவிட்டு, கேட்டதைக் கேட்ட நாளிலேயே எழுதிவைத்த மனிதர்களிடம் வரலாறு திரும்புகிறது. இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில் ஸ்டிராட்டன் ஸ்டிராலஸ் என்னும் ஊரில் ராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார் வாழ்ந்தார். மரம் வளர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பு உண்டு. 1736ஆம் ஆண்டு முதல் அவர் இளவேனிலின் அடையாளங்களை நாள்தோறும் நோக்கிக் குறித்து வரலானார். முதற்பூ எந்நாளில் மலர்ந்தது, ஓக் மரம் எந்நாளில் இலை விட்டது, தகைவிலான் குருவி எந்நாளில் வந்தது, குயில் எந்நாளில் கூவியது என இருபத்தேழு அடையாளங்கள். அவற்றுள் தவளையும் தேரையும் முதன்முதலாகக் கத்திய நாளும் ஒன்று. பெரும்புலமையோ அரசின் ஆணையோ அவரை இதில் ஈடுபடுத்தவில்லை. 1789ஆம் ஆண்டில் அவர் தம் குறிப்புகளை அரச கழகத்துக்கு அனுப்பினார். 1797-இல் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் குறிப்பேடு மூடப்படவில்லை. மகனும், பேரனும், அவர்தம் வழியினரும் எழுதினர். இடையில் சில ஆண்டுகள் விடுபட்டன எனினும், அக்குடும்பத்தார் 1958ஆம் ஆண்டு வரை எழுதினர். ஒரே குடும்பம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தன் ஊர்த் தவளைக்குச் செவி கொடுத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பேரரசர்களின் போர்களைப் பற்றிய ஏடுகள் நிறைந்த நூலகங்களில், இவ்வாறான ஏடு ஒன்றைக் காண்பது அருமை. 1995ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் அக்குறிப்புகளைக் கணக்கிட்டு நோக்கியபோது, முந்திய திங்கள்கள் வெப்பமாயிருந்த ஆண்டுகளில் அந்நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை முந்தி நிகழ்ந்திருப்பது தெரியவந்தது.

குரல் எதற்கு என்பதை மீண்டும் எடுத்துப் பேசியவர் டார்வின். 1832ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ நகரத்துக்கு அருகில் தங்கியிருந்தபோது, நீருக்குச் சற்று மேலே புல்லிதழில் அமர்ந்து வெவ்வேறு சுரங்களில் இசைந்து பாடிய சிறு தவளைகளை அவர் மாலைப் பொழுதுகளில் கேட்டிருந்தார். 1871-இல் வெளிவந்த நூலில், ஆண் தவளைக்கு மட்டும் குரற்பை பெருத்திருப்பதைச் சுட்டி, பெண்ணைக் கவர்வதற்காகவே அவ்வுறுப்பு வளர்ந்தது என்று விளக்கினார். அரிஸ்டாட்டில் ஏரிக்கரையில் கண்டது, இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோட்பாட்டின் பகுதியாயிற்று.

அப்படியாயின் மழைக்கும் குரலுக்கும் தொடர்பு என்ன? அத்தொடர்பு முட்டையில் இருக்கிறது. தவளையின் முட்டைக்கு ஓடு கிடையாது. ஈரமின்றேல் அது காய்ந்து மடியும். பெரும்பாலான இனங்கள் நீரிலேயே முட்டையிடுகின்றன. தேங்கிய மழைநீரில் மீன்கள் இல்லாமையால் தலைப்பிரட்டைகள் பிழைக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே நீர் தேங்கிய இரவே ஆண் தவளை அழைக்க வேண்டிய இரவு. மேலும், தவளையின் தோல் நீரை எளிதில் இழப்பது. வறண்ட காற்றில் வெளியே அமர்ந்து மணிக்கணக்கில் கத்துவது அதற்கு ஆபத்து. எனவே பெரும்பாலான இனங்கள் கதிரவன் மறைந்த பின்னரே குரலெழுப்பத் தொடங்குகின்றன. காற்றில் ஈரம் மிகுந்த இரவுகளில் குரல் ஓங்குகிறது. மழைக்கு முன்னரே காற்று ஈரமடைவதால், சில இனங்களின் குரல் சில வேளைகளில் மழையை முந்திவிடுகிறது. முக்கூடல் உழவன் கேட்டது பொய்யன்று. அவன் கேட்டது ஈரக் காற்றின் விளைவை.

வெப்பமும் குரலை ஆளுகிறது. தவளையின் உடல் சூழலின் வெப்பத்தைச் சார்ந்தது. குளிர்ந்த இரவில் அதன் தசைகள் மெல்ல இயங்கும். குரலின் துடிப்புகளும் இடைவிட்டு வரும். வெப்பம் ஏறினால் துடிப்புகள் விரையும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பெண் தவளை தன் இனத்துக் குரலைத் துடிப்பின் விரைவைக் கொண்டே அறிகிறது என்றால், குளிர் இரவில் அஃது ஏமாறாதோ? 1978ஆம் ஆண்டில் கெர்ஹார்ட் என்னும் அமெரிக்க அறிஞர் சாம்பல்நிற மரத்தவளையைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். குளிரில் ஆணின் குரல் மெதுவாகும்போது, பெண்ணின் விருப்பமும் மெதுவான குரலையே நாடுகிறது என்று அவர் கண்டார். பாடுவோனின் தாளம் தளரும்போது கேட்போளின் தாளமும் உடன் தளர்கிறது.

குளிர்காலம் உள்ள நாடுகளில் இதன் விளைவு ஆண்டுக் கணக்கில் தெரியும். பனி உருகியவுடன் காட்டுத் தவளை சில நாட்களே கூடிக் கத்தி, முட்டையிட்டு, கலைந்துவிடும். இரவு மிகக் குளிர்ந்தால் பகலிலும் கத்தும். காளைத்தவளையோ கோடை வந்த பின்னரே தொடங்கி, வாரக்கணக்கில் இரவுதோறும் முழங்கும். குறுங்காலம் கூடும் இனங்கள், நெடுங்காலம் கூடும் இனங்கள் என்று இவற்றைப் பிரித்து 1977-இல் கென்ட்வுட் வெல்ஸ் விளக்கினார். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாடுகளில் குளிர்காலம் இல்லை. இங்கே குரலின் காலத்தை வகுப்பது பெரும்பாலும் மழையே. உடலைப் பந்துபோல் ஊதிக்கொண்டு, மழைநீர்ப் பள்ளத்தில் மிதந்தவாறே கன்று கதறுவதுபோல் முழங்கும் கொழுத்த தவளையைக் கண்டோர் இதனை அறிவர். மழையில்லா நாட்களில் அது மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்.

கத்துவதற்குத் தவளை கொடுக்கும் விலையும் பெரிது. உடலின் ஆற்றலை அது பன்மடங்கு செலவிடுகிறது. உயிரையும் பணயம் வைக்கிறது. தவளையும் தன் வாயால் கெடும் என்று தமிழர் காலங்காலமாகக் கூறிவரும் பழமொழி அடக்கத்தைக் கற்பிக்க எழுந்தது. ஆனால் அஃது அறிவியல் உண்மையும் ஆகும். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் டுங்கரா என்னும் சிறு தவளையை ஆராய்ந்த மைக்கேல் ரயனும், வௌவால் வல்லுநரான மெர்லின் டட்டிலும் 1981ஆம் ஆண்டில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். அங்குள்ள ஒருவகை வௌவால், தவளையின் குரலைக் கேட்டே அதனிருக்கும் இடத்தை அறிந்து பற்றுகிறது. அணிசேர்த்து நீட்டிப் பாடும் ஆணைப் பெண் விரும்புகிறது. வௌவாலும் அதனையே விரும்புகிறது. வாய் திறவாத தவளை பிழைக்கும். ஆனால் அதற்கு வழித்தோன்றல் இராது. பழமொழி இயற்றியவர் முதற்பாதியை மட்டும் கண்டார் போலும்.

இருபதாம் நூற்றாண்டில் குரலைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தன. 1958ஆம் ஆண்டில் சார்லஸ் போகர்ட் என்பவர் வட அமெரிக்காவின் 57 இனங்களின் குரல்களை ஓர் இசைத்தட்டாகவே வெளியிட்டார். ஆனால் கருவிகளுக்கு முற்பட்ட ஓர் ஏடே பிற்காலத்தில் பெரும்பயன் தந்தது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஹேசன் ரைட் என்னும் விலங்கியலார் இருந்தார். 1900ஆம் ஆண்டு முதல் 1912 வரை அவ்வூர்த் தவளைகளின் முதற்குரலை ஆண்டுதோறும் கேட்டு, இனவாரியாக நாளைக் குறித்தார். 1914-இல் அவை நூலாயின. அவர் நாடியது தவளைகளின் வாழ்க்கை வரலாற்றை மட்டுமே. உலகின் தட்பவெப்பம் மாறும் என்பது அவர் நோக்கில் இல்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1990 முதல் 1999 வரை அதே பகுதியில் தன்னார்வலர் திரட்டிய முதற்குரல் நாட்களை, கிப்ஸ், பிரைஷ் என்னும் இருவர் ரைட்டின் நாட்களோடு ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டனர். ஆறு இனங்களுள் நான்கு, முன்னைக் காட்டிலும் 10 முதல் 13 நாட்கள் முந்திக் கத்தத் தொடங்கியிருந்தன. காட்டுத் தவளை, இளவேனிற் சிறுதவளை, சாம்பல்நிற மரத்தவளை, காளைத்தவளை ஆகியவை அந்நான்கு. பச்சைத் தவளையிலும் அமெரிக்கத் தேரையிலும் மாற்றமில்லை. பிந்தியது எதுவும் இல்லை. ஒருவர் கேட்ட இடத்தில் பலர் கேட்டால் முதற்குரல் முந்தியே செவியில் விழும் அன்றோ என்று ஐயுறலாம். அது நியாயமான ஐயமே. ஆனால் செவிகளின் எண்ணிக்கைதான் காரணமாயின், ஆறு இனங்களும் முந்தியிருக்க வேண்டும். மேலும், தவளையின் உடல் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகும் எட்டுத் திங்கள்களுள் ஐந்தில், அந்நூற்றாண்டில் வெப்பம் 1 முதல் 2.3 பாகை செல்சியசு வரை உயர்ந்திருந்தமையை வானிலைப் பதிவுகள் காட்டின. மழையை முன்னறிவிப்பதாகக் கருதப்பட்ட உயிர், தான் அறியாமலே நூற்றாண்டின் வெப்பத்துக்குச் சான்று பகர்ந்தது.

இத்தகைய மாற்றம் குளிர்நாடுகளுக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. கரீபியத் தீவாகிய புவர்ட்டோ ரிக்கோவில் 'கொக்கி' என்னும் சிறு மரத்தவளை உண்டு. அதன் குரலே அதன் பெயர். அக்குரலில் இரு சுரங்கள். 'கொ' என்பது மற்ற ஆண்களை விலக்குவதற்கு. 'கி' என்பது பெண்களை அழைப்பதற்கு. இதனை 1976-இல் நரின்ஸ், கப்ரானிகா என்னும் அறிஞர்கள் வெளிப்படுத்தினர். அத்தீவின் மலைச்சாலை, கடல்மட்டத்தின் அருகிலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் வரை ஏறிச் செல்கிறது. கீழே வாழும் கொக்கிகள் உடல் சிறுத்தவை. குரலும் கீச்சானது, குறுகியது. மேலே செல்லச் செல்ல உடல் பெருக்கும்; குரல் தாழ்ந்து நீளும். 1983ஆம் ஆண்டில் நரின்ஸ் அச்சாலை நெடுகிலும் இரவில் நின்று குரல்களைப் பதிவு செய்தார். 23 ஆண்டுகள் கழித்து, 2006-இல் மீண்டும் அதே சாலையில் பதிவுகள் எடுக்கப்பட்டன. 2014-இல் முடிவுகள் வெளியாயின. ஒவ்வோர் உயரத்திலும் குரலின் சுரம் ஏறியிருந்தது, நீளம் குறைந்திருந்தது. முன்னர்த் தாழ்வான இடத்தில் கேட்ட குரல் இப்போது அதனினும் உயரமான இடத்தில் கேட்டது. அம்மாற்றம் முழுவதற்கும் 0.37 பாகை செல்சியசு வெப்ப உயர்வு போதுமானது என்று அவர்கள் கணித்தனர். மனிதர் தோலால் உணர முடியாத அளவு அது. கொக்கித் தவளையின் உட்செவி தன் இனத்துக் குரலின் சுரத்துக்கேற்ப அமைந்தது. ஆணின் குரல் ஏறிய விரைவில் பெண்ணின் செவியும் மாறுமா என்னும் வினா அதன் தொடர்ச்சியாக எழுந்தது.